ஐந்து பிஸ்கட் டின் தகடுகள்: ஒரு லிஸ்டர் இஞ்சினும் அதன் கால் அளவு மாடலும்

வால்வை மூடி வைத்தால் ஓடும். திறந்தால் பத்து நொடியில் இருமி நின்றுவிடும். மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் லிஸ்டர் 5/1 டீசல் இஞ்சினுக்கு இருந்த நோய் இவ்வளவுதான். காரணத்தைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. கண்டுபிடித்த பிறகு சரிசெய்ய ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அந்த ஏழு மாதத்தில் எங்கே தடம் மாறிப்போனோம் என்பதையும், அங்கே கற்ற பாடம் நான் கட்டிக்கொண்டிருந்த சின்ன மாடல் இஞ்சினை எப்படி ஓட வைத்தது என்பதையும் முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய டீசலோடு மல்லுக்கட்டும் யாருக்காவது உதவும்.

வந்து சேர்ந்த நிலை

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய ரப்பர் ஸ்டோரை இடித்தார்கள். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல வருஷமாகிவிட்டது. ஷீட் உருட்டும் மில்லை ஓட்டிய இஞ்சின் மட்டும் சிமெண்டு மேடையில் அப்படியே நின்றது. பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்ததைக் கிலோ கணக்கில் விலை பேசி, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. இறக்கும்போது ஃபிளைவீல், அதாவது பக்கத்தில் இருக்கும் கனமான சக்கரம், தானாக அரைச் சுற்று சுற்றியது. இஞ்சின் இறுகிப்போகவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்த இஞ்சினைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷர் மாவட்டத்தின் டர்ஸ்லி என்ற ஊரில் இருந்த ஆர். ஏ. லிஸ்டர் கம்பெனி, 1929இல் சி.எஸ். வரிசையைக் கொண்டுவந்தது. அந்த எழுத்துகளுக்கு 'கோல்டு ஸ்டார்ட்டிங்' என்று பொருள். அதற்கு முந்தைய எண்ணெய் இஞ்சின்கள் பலவற்றுக்குத் தலையில் ஊதுவிளக்கு வைத்துச் சூடேற்ற வேண்டும். இதற்கு அது வேண்டாம். குளிர்ந்த இஞ்சினை ஹேண்டிலால் சுற்றியே கிளப்பலாம். 5/1 என்றால் ஐந்து குதிரைசக்தி, ஒரு சிலிண்டர். சிலிண்டர் விட்டம் 114.3 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 139.7 மி.மீ., கொள்ளளவு 1.43 லிட்டர். நிமிஷத்துக்கு 600 சுற்று. நம் ஊர் மைவி காரின் 1.5 லிட்டர் இஞ்சின் 6000 சுற்றில் நூறு குதிரைசக்தி அளவுக்குத் தருகிறது. கிட்டத்தட்ட அதே கொள்ளளவில் இது ஐந்துதான் தருகிறது. ஆனால் அந்த ஐந்தைக் காலையிலிருந்து இரவு வரை, நாள் தவறாமல், வருஷக்கணக்கில் தரும். தோட்டங்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. குஜராத்தின் ராஜ்கோட்டில் இதே அமைப்பில் பல பட்டறைகள் இஞ்சின் செய்தன. அதனால்தான் ரிங்கும் கேஸ்கட்டும் இன்றைக்கும் கிடைக்கின்றன.

இந்தக் கேஸுக்கு முக்கியமான பாகம் ஒன்று உண்டு. சிலிண்டர் தலையின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கைச்சக்கரம் இருக்கும். முதல் வரியில் சொன்ன வால்வு இதுதான். அதைத் திருகினால் எரியறையின் ஒரு பகுதி அடைபடும். இடம் குறைவதால் காற்று இன்னும் இறுக்கமாக அமுங்கி, இன்னும் சூடாகும். இஞ்சினைக் கிளப்பும்போதும் லேசான சுமையிலும் மூடி வைத்து ஓட்டுவார்கள். சுமை ஏறியதும் திறந்துவிட வேண்டும். மூடியபடியே முழுச் சுமையில் ஓட்டினால் இஞ்சினுக்குள் சம்மட்டி அடி விழுவதுபோல் இருக்கும்.

எங்கள் இஞ்சினில் அதைத் திறக்கவே முடியவில்லை. அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடான பிறகும், சுமை கொடுத்துத் திறந்த உடனே எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை வந்தது. கண்ணைக் கரிக்கும் புகை. பிறகு இரண்டு மூன்று முறை விட்டு விட்டு வெடித்து, ஃபிளைவீல் தளர்ந்து நின்றது.

தவறான தடங்கள்

புகையின் நிறம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். கறுப்பு என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றாமல் ஆவியாகி வெளியே வருகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் சந்தேகப்பட்டது டீசலை உள்ளே தூவும் இன்ஜெக்டரைத்தான். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அங்கே நாங்கள் பார்க்கும் டீசல் கோளாறில் முக்கால்வாசி இன்ஜெக்டரில்தான் முடியும். பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதன் தூவும் நுனியான நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்துப் பார்த்தோம். மூடுபனிபோல் தூவியது, நுனியில் ஒரு சொட்டுகூடத் தொங்கவில்லை. அப்படியும் மனசு கேட்காமல் புது நாசில் வரவழைத்து மாட்டினேன். எந்த மாற்றமும் இல்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: நாசில் தூவும்போது அதன் முன்னால் கையைக் காட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும்.

அடுத்தது பம்ப் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னால் டீசல் போக வேண்டும். எங்கள் ஃபிளைவீல் விளிம்பில் அது ஏறத்தாழ 105 மி.மீ. சாக்பீஸால் கோடு போட்டு, பைப்பைக் கழற்றி, பம்ப் வாயில் டீசல் பொங்கி நகரும் நொடியைப் பார்த்தோம். கோட்டுக்கு 4 மி.மீ. தள்ளி இருந்தது. ஒரு டிகிரிகூட இல்லை. அதையும் திருத்தினோம். எந்த மாற்றமும் இல்லை.

நடுவில் ஒரு வாரம் டீசல் வடிகட்டி அடைத்துக்கொண்டு வேறு பயம் காட்டியது. 2019இலிருந்து இங்கே பெட்ரோல் பங்குகளில் விற்கும் டீசலில் பத்து விழுக்காடு பனை எண்ணெய் டீசல். அது பழைய டாங்கியின் அடியில் ஒட்டிக் கிடந்த பிசினையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்துவிட்டது. டாங்கியைக் கழுவியதும் சரியானது. நம் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு காற்றும் புகையும் போகும் வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தோம். ரிங் மாற்றினோம். பிறகு ஒரு சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன், அதாவது காற்று அமுங்கும் ஏற்றத்தின், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, ஃபிளைவீல் ஆரத்தில் ஒரு எடையைத் தொங்கவிட்டோம். உள்ளே காற்று கசிந்தால் எடை சட்டென்று இறங்கிவிடும். பன்னிரண்டு நொடி தாங்கியது. இந்த வயசு இஞ்சினுக்கு அது அருமையான கணக்கு. அதைப் பார்த்ததும் 'கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஏழு மாதத்தில் நான் செய்த பெரிய தவறு அந்த ஒரு வரிதான். சோதனை காட்டியது என்ன? அமுங்கிய காற்று கசியவில்லை என்பதை மட்டும். காற்று போதுமான அளவு அமுங்கியதா என்பதை அது காட்டவே இல்லை. இரண்டும் வேறு வேறு. நான் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டேன்.

ஈயக் கம்பி

என் மனைவியின் பெரியப்பா சுங்கை பாக்காப்பில் இருக்கிறார். வயசு எழுபத்தெட்டு. தோட்டத்தில் இஞ்சின் டிரைவராக வேலை பார்த்தவர். சாயங்காலம் ஆறு மணிக்கு இஞ்சினைக் கிளப்பித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு விளக்குப் போட்டு, பத்து மணிக்கு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவாராம். கல்யாண வீடு இருந்தால் மட்டும் பன்னிரண்டு மணி வரை. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

நான் இஞ்சினைக் கிளப்பிக் காட்டப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஹேண்டிலைத் தானே வாங்கிக்கொண்டார். பிடித்த விதத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றிப் போகவில்லை, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் ஒட்டியிருந்தது. இஞ்சின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போகும், விரலை உடைக்காது. அவர் கிளப்பவில்லை. கைச்சக்கரத்தைத் திறந்து வைத்து, காற்று அமுங்காமல் தடுக்கும் டீகம்ப்ரஷன் லீவரைக் கீழே விட்டு, கம்ப்ரஷன் வரை மெதுவாகத் தள்ளி விட்டார். ஃபிளைவீல் முட்டித் திரும்பியது. இன்னொரு தடவை. மறுபடியும்.

"என்ன மாப்ளே, மெத்துனு இருக்கு?"

"கசிவு இல்லையே மாமா. பன்னிரண்டு செகண்டு நிக்குது."

"நிக்குது சரி. முட்டுறதப் பாருங்க. கல்லுல முட்டுற மாதிரி இருக்கணும். இது தலகாணியில முட்டுது. மேல எடம் இருக்கு. ஈயம் வச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இஞ்சின் புத்தகத்தில் அது இருக்கிறது. படித்தும் இருக்கிறேன். புதிதாகக் கட்டும்போது செய்யும் சோதனை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளப்பதுதான் ஈயச் சோதனை. சாலிடர் கம்பியைச் சின்னதாக வெட்டி, பிஸ்டன் மேல் இரண்டு இடத்தில் கிரீஸால் ஒட்டி, மூடியை முழு இறுக்கத்தில் மாட்டி, ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றி, திரும்பக் கழற்றி நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கம்பி வைத்தோம். நசுங்கவே இல்லை, வைத்தபடி உருண்டையாக இருந்தது. கம்பியை இரட்டையாக முறுக்கி வைத்த பிறகுதான் அளவு கிடைத்தது. 3.1 மி.மீ. இந்த இஞ்சினுக்கு அதில் பாதிதான் இருக்க வேண்டும்.

மறுநாள் சிலிண்டரைத் தூக்கினோம். இந்த வகை இஞ்சினில் சிலிண்டர், கிராங்க் பெட்டியின் மேல் தனியாக உட்காரும். இரண்டுக்கும் நடுவில் வைக்கும் தகடுகளின் கனத்தை வைத்துத்தான் மேலே இடைவெளியைச் சரிசெய்வார்கள். எங்களுடையதில் தொழிற்சாலைத் தகடோடு இன்னும் ஐந்து தகடுகள் இருந்தன. கத்தரியால் வெட்டிய விளிம்பு. ஆயில் கறையைத் துடைத்ததும் ஒன்றில் சிவப்புப் பெயிண்டும் மஞ்சள் பூவின் பாதி இதழும் தெரிந்தன. பிஸ்கட் டின். தகடு ஒன்று 0.3 மி.மீ., ஐந்தும் சேர்த்து 1.5 மி.மீ. போல்ட் துளைகள் ஐந்திலும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் ஆணியால் குத்திய துளை, ஒன்றில் நேர்த்தியான பஞ்ச். ஒரே நாளில் ஒரே ஆள் போட்டவை இல்லை.

மாமா அவற்றைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கினார். பிஸ்டனின் தண்டு கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் பெரிய முனை பேரிங் தேய்ந்தால் பிஸ்டன் உச்சியில் கொஞ்சம் அதிகமாக ஏறும், மூடியில் போய்த் தட்டும். பேரிங்கில் புது வெள்ளை உலோகம் ஊற்ற வேண்டும் என்றால் இஞ்சினைப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரம் மில் நின்றுபோகும். துரை ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் தட்டும் சத்தம் கேட்டால் சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு. ஒரு வருஷம் ஓடும். திரும்பத் தட்டினால் இன்னொன்று. நாங்கள் பேரிங்கைப் பிரித்துப் பார்த்தோம். புத்தம் புதிது மாதிரி இருந்தது. யாரோ ஒரு கட்டத்தில் ஒழுங்காகப் பேரிங் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் தகடுகளை எடுக்கவில்லை. தகடு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிஸ்டனின் பரப்பு 102.6 சதுர செ.மீ. அதன் மேல் 1.5 மி.மீ. உயரம் என்றால் 15 சி.சி. கூடுதல் இடம். கைச்சக்கரம் திறந்திருக்கும்போது மொத்த எரியறையே, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் ஊற்றி நாங்கள் அளந்தபடி, 96 சி.சி.தான். 16 மடங்கு அமுங்க வேண்டிய காற்று 14 மடங்கில் நின்றிருக்கிறது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றின் சூடு மட்டுமே அதைப் பற்றவைக்க வேண்டும். சில பத்து டிகிரி குறைந்தாலே டீசல் தயங்கும், தாமதமாகப் பற்றும், இன்னும் குறைந்தால் பற்றாமலே ஆவியாகிப் போகும். கைச்சக்கரத்தை மூடினால் அந்தக் குறையை அது ஈடுகட்டிவிட்டது. அதனால்தான் மூடினால் ஓடியது, திறந்தால் நின்றது. எல்லாம் முதல் நாளே எங்கள் கண் முன்னால் இருந்திருக்கிறது.

தகடுகளை எடுத்துவிட்டு மாட்டினோம். ஈயம் 1.6 காட்டியது. ஆறு சுற்றில் கிளம்பியது. பெல்ட்டில் ஜெனரேட்டரைக் கோத்து, 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றைத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டுச் சுமை கொடுத்தோம். கைச்சக்கரத்தை முழுசாகத் திறந்தேன். 600 சுற்று 585க்கு இறங்கி அங்கேயே நின்றது. எக்ஸாஸ்டில் புகையே தெரியவில்லை, சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தது. நொடிக்கு ஐந்து வெடி, ஒன்றுகூடத் தவறவில்லை. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை.

கால் அளவு

இதே இஞ்சினை நான்கில் ஒரு பங்கு அளவில் கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாடல் விமானக்காரர்கள் 'டீசல்' என்று சொல்லும் சின்ன இஞ்சின்கள் வேறு வகை. அவற்றில் ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து, காற்றோடு சேர்த்தே உறிஞ்சவிடுவார்கள். பம்ப் கிடையாது, இன்ஜெக்டர் கிடையாது. நல்ல இஞ்சின்கள்தான். ஆனால் எனக்குப் பங்கில் வாங்கும் டீசலில், பம்ப் அடித்து, நாசில் தூவி ஓடும் இஞ்சின் வேண்டும்.

அளவைச் சுருக்கினால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்காது. கஷ்டமே அங்கேதான். நீளம் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்று, கொள்ளளவு அறுபத்து நான்கில் ஒன்று. அதாவது உள்ளே இருக்கும் காற்றின் அளவோடு ஒப்பிட்டால், அதன் சூட்டை உறிஞ்சும் சுவர் நான்கு மடங்கு. ஃபிளைவீல் நிலைமை இன்னும் மோசம். அதன் சுழல் திறன் 1024இல் ஒரு பங்காகிவிடும். பெரிய இஞ்சின்போல 600 சுற்றில் ஓடச் சொன்னால் ஒரு கம்ப்ரஷனைக்கூடத் தாண்டாது. கணக்குப்படி நான்கு மடங்கு வேகம், 2400 சுற்று, வேண்டும். அடக்கமான அந்த டுக் டுக் சத்தம் மாடலில் கிடைக்காது. அதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

கொள்ளளவு 22.4 சி.சி. ஒரு தடவை தூவ வேண்டிய டீசல், முழுச் சுமையில்கூட, ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர். குண்டூசித் தலை அளவு. அதற்கு 2 மி.மீ. விட்டத்தில் பிளஞ்சர், அதாவது பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டு, செய்தேன். 0.35 மி.மீ. நகர்ந்தால் போதும். பிளஞ்சரையும் அது ஓடும் குழலையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்துவதற்கு ஐந்து வார இறுதிகள். பொருத்தம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துளி ஆயில் விட்டு, குழலின் அடியை விரலால் பொத்திக்கொண்டு பிளஞ்சரை மேலே இழுக்க வேண்டும். கையை விட்டதும் அது தானாக உள்ளே போகும். முழுசாக இழுத்தால் 'டப்' என்று சின்னச் சத்தம் வரும். நான்காவது குழலில்தான் அந்தச் சத்தம் வந்தது.

பம்ப்பைத் தனியாக ஆயிரம் தடவை அடித்து சிரிஞ்சில் பிடித்தேன். சரியாக ஒரு சி.சி. சந்தோஷமாக இன்ஜெக்டரை மாட்டினேன். இஞ்சின் கிளம்பவில்லை. டிரில் வைத்துச் சுற்றினேன், சிலிண்டர் ஜாக்கெட்டில் வெந்நீர் ஊற்றிச் சுற்றினேன். வெள்ளைப் புகை மட்டும் வந்தது. அதே புகை.

மூன்று மாதம் அப்படியே கிடந்தது. லிஸ்டரின் தகடுகளை எடுத்த அந்த வாரம்தான் மாடலைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை ஒரே கேள்வியோடு எடுத்தேன்: இருக்கக் கூடாத இடம் எங்கே இருக்கிறது? முதலில் ஈயம் வைத்தேன். 0.4 மி.மீ. இருக்க வேண்டியது 0.55 இருந்தது. மாடலில் 0.1 மி.மீ. தப்பினாலே எரியறை நான்கு விழுக்காட்டுக்கு மேல் பெருத்துவிடும். அதைச் சரிசெய்தேன். பிறகு டீசல் போகும் பைப்பைப் பார்த்தேன். உள்விட்டம் 1 மி.மீ., நீளம் 60 மி.மீ. பார்வைக்கு அழகாக வளைத்து வைத்திருந்தேன். அதற்குள் 47 கன மில்லிமீட்டர் டீசல் நிற்கிறது. திரவம் அமுங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கொஞ்சம் அமுங்கும். நூறு பார் அழுத்தத்தில் டீசல் முக்கால் விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். 47இல் அது 0.3. பம்ப் தள்ளுவதே ஒன்று. அதில் மூன்றில் ஒரு பங்கைப் பைப்பே விழுங்கிவிடுகிறது. இன்ஜெக்டர் நுனியில் பிடித்து அளந்தேன். ஆயிரம் தட்டுக்கு 0.65 சி.சி. அதுவும் படாரென்று தூவாமல், தாமதமாகக் கசிந்து வந்தது.

பெரிய இஞ்சினில் பைப் நீளம் ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அங்கே ஒரு தடவைக்கு எழுபது கன மில்லிமீட்டர் அளவுக்குப் போகிறது. சின்னதில் அழகுக்காக விட்ட ஒரு வளைவு இஞ்சினையே கொன்றுவிட்டது. பம்ப்பை இன்ஜெக்டர் பக்கமே நகர்த்தினேன். அசல் லிஸ்டரின் தோற்றம் கொஞ்சம் கெட்டது, பரவாயில்லை. அரை மில்லிமீட்டர் துளையில் 30 மி.மீ. நீளப் பைப். உள்ளே நிற்பது இப்போது ஆறு கன மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயிரம் தட்டுக்கு 0.95 வந்தது.

வெந்நீர் ஊற்றி, டிரிலை வைத்தேன். மூன்றாவது நொடியில் வெடித்தது. டிரில் கையை விட்டுத் துள்ளியது. நாலு நிமிஷம் ஓடியது, 2300 சுற்றில், தன் சொந்தச் சூட்டில். எக்ஸாஸ்ட் குழாயில் விரலை வைத்துப் பார்த்துச் சுட்டுக்கொண்டேன். மனைவியைக் கூப்பிடுவதற்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஏறி இறங்கித் தள்ளாடத் தொடங்கியது, நிறுத்திவிட்டேன்.

இப்போது பாக்கி இருப்பது அந்தக் கவர்னர்தான். ஸ்பிரிங் இறுக்கம் போதவில்லை என்று தோன்றுகிறது. அரை மில்லிமீட்டர் பியானோ கம்பியில் புதிதாக இரண்டு சுற்றி வைத்திருக்கிறேன், ஒன்று எட்டுச் சுற்று, ஒன்று பத்து. சனிக்கிழமை மாமா வருகிறார். சின்னது ஓடும் சத்தத்தை அவர் இன்னும் கேட்கவில்லை.